ராகுகாலத்துக்கு முன் மாட்டிய புஷ்

ரப்பருக்கு நாள் நட்சத்திரம் தெரியாது. எங்கள் அப்பாவுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஸ்பேனரோடு மாட்டிக்கொண்டவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. தங்கை உமாவின் கல்யாணம் நெருங்கியது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசக் கிளம்பிய அப்பாவை நான்தான் தடுத்தேன். "வீட்டுல காரை வச்சிக்கிட்டு, களக்காட்டுச் சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால வாடகைக் காரா? வெக்கமா இல்ல?" என்றேன். (வெட்கம் பிறகு வந்தது, மொத்தமாக.)

ஒரே குறை, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'கடக் கடக்' என்று அடிக்கும். முன் சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துபோயிருந்தது. நான் படித்தது என்னவோ வரலாறுதான். ஆனால் வண்டியோடு வந்த கையேட்டை முழுசாக வாசித்தவனுக்கு ஒர்க்‌ஷாப் எதற்கு?

அழைப்புக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை காலை, வாசலில் ஜாக்கி போட்டு முட்டுக் கொடுத்தேன். பழைய புஷ் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சுத்தியலால் அதை அடித்தேன். நடுநடுவே கட்டைவிரலையும் அடித்தேன். மருதாணிக் கையோடு உமா சன்னல் வழியே எட்டிப்பார்த்து, "அண்ணே, நாளைக்கும் அது காராத்தான் இருக்குமா?" என்றாள்.

புது புஷ்களை ஒருவழியாக உள்ளே ஏற்றி முடித்தபோது அப்பா பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார்.

"ஏலே, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள நட்டை முறுக்கி முடி."

"எப்பா, சக்கரம் தரையில நின்னு, வண்டிப் பாரம் முழுக்க எறங்குன பொறவுல்லா கடைசியா முறுக்கணும். அந்தரத்துல முறுக்குனா, வண்டி எறங்கயில ரப்பர் முறுக்கிக்கிடும்."

"எறக்குததுக்குள்ள ராகுகாலம் வந்திரும். மாப்பிள்ளை ஏறுத வண்டியாக்கும்! அந்தரத்துலயே முறுக்கு."

கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவரிடம் வாதாட யாருக்குத் தைரியம் உண்டு? இருந்த பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினேன். ஜாக்கியை எடுத்த பிறகும் கார் சரியாக இறங்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "பாத்தியா, என்ன கம்பீரம்!" என்றார் அப்பா. (எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சத்தியமாக.)

மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோவிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், பின்னால் பூ ஜோடித்த காரில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, ஸ்டியரிங்கில் நான். முதல் பள்ளத்திலேயே முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர் கிழிந்துவிட்டது. அடுத்த பள்ளத்தில் இரும்பும் இரும்பும் உரசி, 'கீ...ஈச்' என்று வண்டி அலறியது பாருங்கள், தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டுத் திரும்பி முறைத்தார். மறுபடி வாசித்தார், வண்டியும் கூடவே பாடியது. கடைசியில் அவர் நாதஸ்வரத்தை உறையில் போட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "என்னவே, மாப்பிள்ளை அழைக்கீரா, பன்னி புடிக்கீரா? எங்க பையனுக்கு இதான் மரியாதையா? நாங்க களக்காட்டுக்கே திரும்புதோம்!"

அப்பா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. என் ஸ்பேனரால் தங்கை கல்யாணம் நின்றால், எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்?

மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பெரியப்பா, சத்தம் போடாதீய. வண்டி போட்ட சத்தமே போதும்," என்று சொல்லிவிட்டு, மண்டபத்தைப் பார்த்து நடந்தார். பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊர்வலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் போனது. காரைத் தெருவோரம் விட்டுவிட்டு நான் கடைசி ஆளாகப் போனேன். மறுநாள் உமா கழுத்தில் தாலி ஏறியபோது அந்தச் சபையில் என்னைவிட அதிகமாக அழுதவர் யாருமில்லை.

போன மாதம் உமாவும் மாப்பிள்ளையும் தங்கள் மகள் கல்யாணத்துக்கு அழைக்கத் தாம்பாளத்தோடு வந்தார்கள். தாய்மாமன் சீராக என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மாப்பிள்ளை என் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், சீரு செனத்தி ஒண்ணும் வேண்டாம். நீங்க வண்டிப் பக்கம் வராம இருங்க, அதுவே சீரு."