பத்து விரலும் சேரவில்லை

கர்ணன் கண் விழித்தபோது பவானி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் விழித்ததைக் கண்டதும் சட்டென்று மூடினாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் போனை எடுத்தான். அதைத் திறக்கும் நம்பர் அவனுக்குத் தெரியும். படங்களில் சேமியாப் பாயசமும் அக்கா மகள் திரிஷாவின் பிறந்தநாளும் இருந்தன. கடைசியில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. தொட்டால் நம்பர் கேட்கவில்லை, விரல் கேட்டது.

கர்ணன் இரவில் கம்பத்திலிருந்து கோட்டயத்துக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். பகலில் சுருளிப்பட்டி வீட்டில் தூங்குவான். பவானி பகல் முழுக்கக் கம்பத்து ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரித்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புவாள். இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருப்பது ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். மீதி நேரத்தைப் பற்றி அவன் வண்டி ஓட்டிக்கொண்டே யோசிப்பான். யோசனையில் கிட்டங்கி மேஸ்திரி வினோத்ராஜ் தவறாமல் வருவான். அவனுக்கு மீசை நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பவானி அசந்தபோது அவள் கட்டைவிரலைப் பூட்டில் வைத்தான். சேரவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்தான். கடைசிச் சுண்டுவிரலும் சேராமல் போனபோது அவள் விழித்துவிட்டாள்.

“என்ன, கையப் புடிச்சுக்கிட்டு இருக்கீக?”

“சும்மாதான்.”

“ஏழு வருசமா இல்லாத சும்மா.”

அன்று மாலை அவள் அவனுடைய சட்டைப் பையைச் சோதித்தாள்.

மறுநாள் செல்போன் கடைப் பொன்னுராஜிடம் போய், நண்பன் மனைவியின் விரலுக்கே அவள் போன் பூட்டு திறக்கவில்லை என்றான். எந்த நண்பன் என்று பொன்னுராஜ் கேட்கவில்லை.

“அந்தப் புள்ள ஏலக்கா பொறுக்குதா? அப்ப ரேகை தேஞ்சு போயிருக்கும்ணே. வேற யாரு வெரலயோ பதிஞ்சிருக்கு.”

“யாரு வெரல?”

“நெருங்குன ஆளாத்தான் இருக்கணும்.”

அதன்பின் கர்ணன் பகலில் தூங்கவில்லை. ஐந்து மணிக்கு அவள் உள்ளே வரும்போது கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். நாளாக நாளாக பவானி வாடிப்போனாள். கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். பால் காய்ச்சிக் கொடுத்தாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். தன்னைத் தூங்க வைப்பதில் அவளுக்கு இருந்த அவசரத்தைக் கண்டு அவன் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான். குமுளி மலையில் இரண்டு முறை கண் சொருகி, வண்டி ஓரக்கல்லை உரசியது. இன்னொரு தடவை உரசினால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார் முதலாளி.

பதினோராம் நாள் காலை அவள் போனை அரிசி டப்பாவில் ஒளித்தான். அவள் தேடிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் அதை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனான். மறந்து வைத்துவிட்டாள், கொடுக்க வந்தேன் என்றான். வினோத்ராஜ் கை நீட்டினான். கர்ணன் போனைக் கொடுக்கவில்லை. நீட்டிய கையைப் பிடித்துக் கட்டைவிரலைப் பூட்டில் அழுத்தினான். சேரவில்லை. அடுத்த விரலை இழுத்தான்.

“என்னண்ணே, ஆதாரா எடுக்குறீக?”

முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பவானி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பத்து விரலும் முடிந்தது. கிட்டங்கியில் வேறு ஆண் கிடையாது.

பவானிக்குப் பக்கத்தில் காய் பிரிக்கும் மாயக்காள் எழுந்து வந்து, அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

“வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குங்கண்ணே. நாங்க அஞ்சு பொம்பளைக சோத்து நேரத்துல ஆடுன வீடியோ பூரா அதுக்குள்ளதான் கெடக்கு. பத்து நாளா நீங்க கண்ண மூடாததால ஒங்க கட்டவெரல் கெடைக்கலன்னு பவானி அழுகுறா.”