மேற்படி

"குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்ததுண்டா?" என்ற கிளினிக் படிவத்துக் கேள்விக்கு நெய்னார் "இல்லை" என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

மனைவி றஹ்மா எட்டிப் பார்த்தாள். "அப்ப ஒங்கட வாப்பா?"

"வாப்பாக்கு என்ன வருத்தம்? அவர் ஊர விட்ட கவலையில மவுத்தானவர். கவலை ஒரு நோயா?"

மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு, தோணியில் கற்பிட்டிக்கு வந்திறங்கிய மூன்றாம் நாள், தண்ணீர் வரிசையில் நின்ற நெய்னாரின் தகப்பன் வாளியோடு சரிந்தார். தொண்ணூறாம் ஆண்டு. வயது நாற்பத்து மூன்று. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த மவுத்துக்கும் வேறு காரணம் தேடியதில்லை.

ஒன்பது வயது மகள் அக்கீலாவை இரண்டு பள்ளிக்கூடங்கள் ஏற்கெனவே வேண்டாம் என்றுவிட்டன. அடுத்த தவணைக்குள் இவள் ஓரிடத்தில் உட்காரப் பழகாவிட்டால் தாங்களும் அதையே சொல்வதாக மூன்றாவது பள்ளிக்கூடம் அறிவித்திருந்தது. ஏ.டி.எச்.டி. என்றார் புத்தளத்து டொக்டர். மருந்து உண்டு என்றதும் நெய்னாருக்கு உயிர் வந்தது.

"காலையில ஒரு குளிசை. சப்பக் கூடாது, உடைக்கக் கூடாது, முழுசா விழுங்கணும். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யும். பசி குறையும், அதால முதல்ல சாப்பாடு. பிந்திக் குடுத்தா ராவைக்கு நித்திரை வராது," என்றார் டொக்டர். "ஆனா இது நெஞ்சுத் துடிப்பைக் கூட்டுற மருந்து. குடும்பத்துல நெஞ்சு வருத்தம் இருந்தா, பிள்ளைட நெஞ்சைப் பரிசோதிக்காமத் தொடங்க மாட்டன். வடிவா விசாரிச்சு எழுதிட்டு வாங்க."

றஹ்மாவின் வாயை அடைக்க நெய்னார் தன் மூத்த சகோதரி முஃபீதா ராத்தாவுக்குக் கோல் எடுத்தார்.

"எங்கட குடும்பத்துல நெஞ்சு வருத்தமா? சீ!" என்றாள் ராத்தா. "சாச்சா உப்பு வாய்க்கால்ல உழுந்தாரே, அதுவும் ஊர விட்ட கவலைதானே!"

வாப்பாவின் தம்பியான சாச்சாவை நெய்னார் மறந்தே போயிருந்தார். இப்போது இரண்டு பேர். ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று அக்கீலாவைத் தன் த்ரீவீல் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மாம்புரிக்குப் போனார். அங்கே வாப்பாவின் தங்கை சாரா உம்மா இருந்தார். பெயர், வயது, வருஷம் எல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

"எழுதிக்க," என்றார் மாமி. "என்ட ராத்தாட மகன், ஒங்க மச்சான் ரஸாக். சண்டை நிண்ட நேரம் மன்னாருக்கு ஊட்டைப் பாக்கப் போனான். ஊட்டுக்குள்ள வேப்ப மரம் நிண்டிச்சாம். பாத்த இடத்துலயே உழுந்தான். முப்பத்தஞ்சு வயசு."

"யா அல்லாஹ்."

"இன்னும் முடியல்ல. ஒங்க வாப்பாக்கு மூத்தவர், காசீம் நானா. கல்யாண ஊட்டுல பெரிய சட்டியத் தூக்கப் போனவர், சட்டியோடயே..."

மாமி சொல்லச் சொல்ல நெய்னார் எழுதினார். அதற்குள் அக்கீலா கிணற்றுக் கட்டில் ஏறிவிட்டாள். பேனையைக் கடித்துக்கொண்டு ஓடி அவளை இறக்கினார். திரும்பி வருவதற்குள் த்ரீவீல் ஹோர்ன் அலறியது. மீண்டும் ஓடினார். மிச்சத்தை நின்றபடியே எழுதி முடித்தார்.

தாளில் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். நெய்னாருக்குக் கண் கலங்கியது.

"எங்கட ஆக்களுக்கு ரோசம் கூட மாமி. ஊரை விட்டா உசிரையும் உட்டுருவாங்க."

அதைச் சொல்லும்போதே உள்ளூர வெட்கமாகவும் இருந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவரும்தான் ஊரை விட்டு வந்தவர். ஆனால் சிரிக்கிறார், த்ரீவீல் ஓட்டுகிறார், வெள்ளிக்கிழமை புரியாணி சாப்பிடுகிறார். வாப்பாவைக் கொண்டுபோன கவலை தனக்கு மட்டும் ஏன் போதாமல் போனது என்று பல வருஷமாக அவர் தன்னையே நொந்துகொண்டுதான் வந்தார்.

வீட்டில் றஹ்மா புதுத் தாளில் கட்டம் கீறிக் கொடுத்தாள். பெயர், வயது, ஆண்டு, காரணம். முதல் வரியில் "ஊர் விட்ட கவலை" என்று எழுதவே கட்டம் நிறைந்துவிட்டது. அடுத்த மூன்றுக்கும் நெய்னார் "மேற்படி" என்று போட்டார். பார்க்க அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது.

"இதுல நோய் எண்டு ஒண்டும் இல்ல. நாளைக்கே மருந்து தருவாங்க," என்றார்.

மறுநாள் கிளினிக்கில் தாதி றோசா மிஸ் அக்கீலாவின் நிறையும் உயரமும் பார்த்தார். நாடி பிடிப்பதற்குள் பிள்ளை சுழல் கதிரையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள். மிஸ் அவள் கையை விடாமல் தாளை வாசித்தார்.

"பாவம் நானா, எல்லாரும் சின்ன வயசு. எல்லாருக்கும் ஊர் விட்ட கவலையா?"

"ஓம் மிஸ். நோய் இல்ல. மருந்தை இண்டைக்கே தொடங்கலாம்தானே?"

மிஸ்ஸின் விரல் கடைசி வரியில் நின்றது. அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு நெய்னாரைப் பார்த்தார்.

"நானா, இந்தக் காசீம் எழுபத்தெட்டாம் ஆண்டுல மவுத்தானதா எழுதியிருக்கீங்க. அப்ப ஒங்கட ஆக்கள் எல்லாரும் ஊர்லதானே இருந்தாங்க?"