மேயரின் இயற்கையான முடி

உலகத்து நகர சபைகளெல்லாம் குடிநீரையும் சாக்கடையையும் கட்டிக்கொண்டு அழுகின்றன. ஒரு நாள் முழுக்க மயிரைப் பற்றியே சிந்தித்த மாபெரும் சபை, ஃபிஜியில் எங்கள் வைதாலா நகர சபை ஒன்றுதான். அதில் குமாஸ்தாவாக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

மேயர் செமிசி ரொகோதூய்க்குத் தலை முழு வழுக்கை. வெள்ளிக்கிழமை நடக்கும் ஊர்த் திருவிழாவிலோ ‘இயற்கைக் கூந்தல்’ போட்டி. முன்னோர்களைப் போல் தம் தலையிலும் முடி பந்தாக எழும்பி நிற்க வேண்டும் என்பது அவருடைய ‘தொலைநோக்கு’. கவா பானம் நிரம்பிய கிண்ணம் கைக்குக் கை சுற்றிவர, அவசரக் கூட்டம் கூடியது. சுகாதார அதிகாரி டாக்டர் மெரெவாய் விளக்கம் தந்தார்.

“முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் ஐயா. சில வருஷம் வளர்ந்துட்டு, ரெண்டு மூணு மாசம் ஓய்வெடுக்கும். அப்புறம் உதிரும்.”

“ஓய்வா? அதுக்கு யார் லீவு குடுத்தது?” என்றார் மேயர்.

“அது அதோட இயல்புங்க.”

“மூணு ஷிஃப்ட் போட்டுப் பாருங்க.”

“உங்க தலையில வேரெல்லாம் சுருங்கிப்போச்சு ஐயா. இனிமே முடியாது.”

‘முடியாது’ என்பது நாங்கள் பொதுமக்களிடம் சொல்லும் சொல். எங்களிடமே ஒருவர் சொன்னதும் சபை அதிர்ந்தது. ‘மேயரின் முடி வெள்ளிக்கிழமைக்குள் வளரக் கடவது’ என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். மேயர் கண்ணாடி முன் நின்று தீர்மானத்தைத் தினமும் தலைக்கு வாசித்துக் காட்டினார். தலை கீழ்ப்படியவில்லை.

அந்த வாரம் வாசிதி அக்கா வழக்கம்போல் வந்தார். ஆற்றுக்கு அக்கரைக் குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு நடப்பவர். ஆற்றுத் தண்ணீரைக் குடித்த அவர் மகள் காய்ச்சலில் கிடந்தாள். அக்காவின் முடியோ, வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும் என்னும்படி இருந்தது. மேயர் முதன்முறையாக அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“குழாய்தானே? போட்டுருவோம். முடியைக் குடும்மா.”

“எல்லாத்தையுமா ஐயா?”

“நாங்க மட்டும் குழாயைப் பாதியாவா போடப் போறோம்?”

அக்கா மகளை நினைத்துக்கொண்டார். சரியென்றார்.

எங்கள் ஊரில் அடுத்தவர் தலையைத் தொடுவது பெரிய அவமரியாதை. நாங்கள் முறை தவறாதவர்கள். மன்னிப்புக் கேட்டு, ஊர் வழக்கப்படி மரியாதைக்குக் கைதட்டிவிட்டுத்தான் மொட்டையடித்தேன். அக்கா கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

அந்த முடியை வலையில் கோத்து மேயர் தலையில் ‘வளர்த்தோம்’. முதல் பரிசு அவருக்கே. நடுவரும் அவரே என்பதால் சிக்கல் எதுவும் விழவில்லை. டாக்டர் மெரெவாய் தொலைதூரத் தீவு ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார்.

சில ஆண்டுகளில் மேயரின் இயற்கை முடி நைந்துபோயிற்று. அந்த ஆண்டுத் திருவிழா நெருங்கவே, கத்தரிக்கோலோடு நான் அக்கரைக்குப் போனேன். வாசிதி அக்காவும் மகளும் ஆற்றில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தலையில் முடி பழையபடி பந்தாக நின்றது. குழாய் இன்னும் வந்திருக்கவில்லை.

“இந்தத் தடவை ரோடும் சேத்துப் போட்டுத் தர்றதா மேயர் சொல்லச் சொன்னார்க்கா” என்றேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் முன்னால் குனிந்து தலையைக் காட்டினார்.

“குழாய், ரோடு எல்லாத்தையும் இங்கயே நட்டுட்டுப் போ தம்பி. உங்க சபை ஆளுற ஊர்ல வேற எங்க வச்சாலும் வளர மாட்டேங்குது.”