பன்னிரண்டாவது வாளும் ஒரு நீளக் குடையும்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கையும் நானும் சௌக்கியம். அவள் சௌக்கியம் என்பது உறுதி; நான் சௌக்கியம் என்பது வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை வரைக்கும்தான் உறுதி. மகள் வீட்டிலிருந்து புதன்கிழமை திரும்பிவிட்டீர்கள் என்றும், முழங்கால் வலி தேவலை என்றும் அவள் சொன்னாள். சந்தோஷம். படியில் பார்த்து இறங்கவும். இந்தக் கடிதத்தையும் உட்கார்ந்துகொண்டே படிக்கவும்.

முப்பத்தெட்டு ஆண்டு அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். தான் எழுதியதைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது அங்கே எங்களுக்கு முதல் விதி. தன் பிழை தன் கண்ணில் படாது. ஆகவே கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிய விண்ணப்பம் உட்பட, உங்கள் தங்கை சிவப்புப் பேனாவால் பார்த்துக் கொடுத்த பிறகே உறையில் இட்டிருக்கிறேன். நாற்பத்தோரு ஆண்டில் அவளுக்குத் தெரியாமல் எழுதும் முதல் கடிதம் இது. பிழைகள் இருக்கும். பொறுத்தருளவும். பொறுத்தருளவும் என்று போடலாமா, மன்னிக்கவும் என்று போடுவதா என்று கேட்கக்கூட இப்போது எனக்கு ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் தங்கை கையில் ஒரு நீளமான குடை இருக்கும். அதை உங்களிடம் கொடுப்பாள். நீங்கள் ஆச்சரியப்படக் கூடாது. "வந்துடுச்சா நான் கேட்ட குடை" என்று சொன்னால் போதும். சென்ற ஆண்டு நான் ஒரு பேனா கொடுத்தபோது "என்ன மாப்பிள்ளை, திடீர்னு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டீர்கள், அதனால்தான் முன்கூட்டியே எழுத வேண்டியதாயிற்று.

நீங்கள் ஏன் குடை கேட்டீர்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டர் பழங்கால வாள்களின் நகல்களைச் சேர்க்கிறவர். அவரைப் போல இங்கே பதினேழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வாள் செய்யும் கம்பெனி ஒன்று இடைக்கால வாள்களைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து, ஆண்டுக்கொரு முறை புதிய வரிசையை அறிவிக்கும். இந்த ஆண்டு பன்னிரண்டு. அறிவிப்பு வந்த நிமிடம் டாக்டர் ஒரு நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "ரெண்டே நிமிஷம், மூடிடாதீங்க" என்று பக்கத்து அறைக்குப் போய்க் கால் மணி நேரம் தொலைபேசியில் பன்னிரண்டு வாள்களையும் வருணித்தாராம். மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த சங்கத்தாரில் பேக்கரிக்காரர் அடுப்பில் நாற்பது ரொட்டிகளை மறந்தாராம். தையற்கடை அம்மா ஒரே சட்டைக்கு மூன்று கை வெட்டினாராம். வாயைத் திறந்தபடி சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நோயாளி, பல் அடைத்து முடிந்ததும் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டாக்டர் அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதி, பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்தார், அவ்வளவுதான். எழுத்தைத் திருத்தினேன். பழக்கத்தில் எண்களையும் கூட்டிப் பார்த்தேன். ஏழாவது வாளின் அலகு எழுபத்தெட்டு சென்டிமீட்டர், பிடி பதினாறரை, மொத்த நீளம் தொண்ணூற்றாறு என்று இருந்தது. ஒன்றரை சென்டிமீட்டரைக் காணவில்லை என்று ஓரத்தில் குறித்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, கம்பெனியில இருக்கிறவனே இதைப் பாக்கல. இத்தனை நாள் கீழ்வீட்டுல ஒரு வாள் நிபுணர் இருக்கிறது தெரியாம நான் ரேடியோ சத்தம் ஜாஸ்தின்னு சண்டை போட்டிருக்கேனே."

நான் நிபுணன் இல்லை, கூட்டல்தான் போட்டேன் என்று மூன்று முறை சொன்னேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரக் கூட்டத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பேக்கரியின் பின்னறை. மாவு மூட்டைகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பேக்கரிக்காரர் ரொட்டி எடுக்கும் நீளப் பலகையைச் சுழற்றி, மூன்றாவது வாளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நான் "இந்தக் கத்தி" என்று சொல்லிவிட்டேன். பேக்கரிக்காரரின் பலகை பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. "கத்தியில பழம் நறுக்குவோம். இது வாளுங்க ஐயா," என்றார் தையற்கடை அம்மா, குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு, எனக்குப் பிடித்தது எது என்று கேட்டார்கள். எதைச் சொன்னாலும் யாராவது ஒருவருடைய ஆசையில் கை வைத்ததாகிவிடுமே என்று பயந்து, பன்னிரண்டாவது என்றேன். மற்ற பதினொன்றும் அரசர்கள், தளபதிகள் வைத்திருந்த வகை. பொன் பூச்சு, செதுக்கல், பிடியில் கொடி வேலைப்பாடு. பன்னிரண்டாவது, பேர் தெரியாத காலாள் ஒருவன் தூக்கிய வெறும் இரும்பு. அதற்கு ஒன்றரை வரி விளக்கம்தான். படமும் கோணல்.

"அதை யாருமே பாக்கலையே," என்றார் டாக்டர்.

"அதான்," என்றேன். பாவமாக இருந்தது என்ற பொருளில் சொன்னேன்.

"ஐயா ரொம்ப ஆழமான ஆளு," என்றார் பேக்கரிக்காரர்.

பதிவு தொடங்கிய நாளில் டாக்டரின் மருத்துவமனைக் கணினி முன்னால் நானும் நின்றேன், வேடிக்கை பார்க்கத்தான். ஒவ்வொரு வகையிலும் முந்நூறு. ஒன்பது நிமிடத்தில் பதினொன்றும் தீர்ந்துவிட்டன. பன்னிரண்டாவதற்கு நேரே, பதிவு பூஜ்யம். ஆட்டத்துக்கு எல்லோரையும் பிரித்துக்கொண்ட பிறகு கடைசியில் தனியாக நிற்கும் பிள்ளையைப் போல அது நின்றுகொண்டிருந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கப் பொறுக்காமல் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன் மச்சான். எலுமிச்சம்பழம் நறுக்கும்போதே விரலை நறுக்கிக்கொள்கிறவன் நான்.

முந்நூறில் ஒருவரே பதிவு செய்திருப்பதால் முதல் வாளை உடனே அனுப்புகிறோம் என்று கம்பெனி எழுதியது. அனுப்பியும் விட்டது. இப்போது எங்கள் வீட்டு விதியை நீங்கள் நினைவுகூர வேண்டும். இந்தச் சின்ன வீட்டுக்கு மாறியபோது, ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும் என்று உங்கள் தங்கை எழுதி, நான் பிழை பார்த்து, இருவரும் கையெழுத்திட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். பெட்டியில் வாளின் படம் அச்சிட்டிருந்த பக்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"என்னங்க இது, இவ்வளவு நீளமா?"

"குடை."

"யாருக்கு?"

உள்ளதில் நல்ல மனிதர் நீங்கள்தான் என்பதால் உங்கள் பேர் வாயில் வந்துவிட்டது. "உங்க அண்ணனுக்கு. கேட்டிருந்தார்."

"சரி," என்றாள். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அந்தச் 'சரி'யை மூன்று வாரமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

பெட்டிக்குள் குடை வேண்டுமே என்று, ஐந்து கடை ஏறி இறங்கிக் கிடைத்ததில் நீளமான குடையை வாங்கி உள்ளே வைத்தேன். வாளை எங்கே வைப்பது? அளந்து பார்த்ததில், என் அறை ஜன்னலின் திரைக்கம்பியும் வாளும் ஏறக்குறைய ஒரே நீளம். கம்பியை எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, திரையின் மேல் மடிப்புக்குள் வாளை நுழைத்து மாட்டினேன். அலகு முழுக்க மறைந்துவிட்டது. பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் என் குளிர்த் தொப்பியை மாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து உங்கள் தங்கை அந்தத் திரையை முழுதாக இழுப்பதே இல்லை, பாதியோடு நிறுத்திவிடுகிறாள். கேட்டால் "வெளிச்சம் வரட்டும்" என்கிறாள். ஏதோ கோபம் என்றே தோன்றுகிறது. இத்தனைக்கும் நடுவில் இன்னொரு கூத்து. செவ்வாயும் வெள்ளியும் அவள் நூலகம் போகும்போது வாளை எடுத்துப் பார்ப்பேன். ஒரு தூசி இல்லை, ஒரு கறை இல்லை. வந்த நாளைவிட மினுக்குகிறது. வியந்துபோய், சாதாரண அறையில் எந்தப் பராமரிப்பும் இன்றி இந்த இரும்பு மங்கவில்லை என்று தேதிவாரியாக இரண்டு பக்க அறிக்கை எழுதிச் சங்கத்தில் படித்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. டாக்டர் தமக்குக் கிடைத்த ஏழாவதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பன்னிரண்டுக்கு மாறினார். பேக்கரிக்காரர் இரண்டு பதிவு செய்தார். சங்கத்திலிருந்து சங்கத்துக்குப் போய் இன்றைய கணக்கு இருநூற்று முப்பத்தொன்று. என் அறிக்கையை அடுத்த அறிவிப்பில் அச்சிடப்போவதாகக் கம்பெனி எழுதியிருக்கிறது.

பெருமைப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாள் போனால் போகட்டும் மச்சான். நாற்பத்தோரு ஆண்டில் நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அந்தக் குடை. அதை அவள் துணிப்பையில் சுற்றி, "அண்ணன் பத்திரமா வச்சுக்கணும்" என்று நூல் கட்டி வைத்திருக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை ஆச்சரியப்பட்டால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. தயவுசெய்து குடையை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். எல்லோரும் நீண்ட ஆயுளும் நிம்மதியுமாக இருக்க வேண்டும். நிம்மதியை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளவும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை எழுதி முடித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய், நாற்பத்தோரு ஆண்டுப் பழக்கத்தில், தாள்களையும் சிவப்புப் பேனாவையும் உங்கள் தங்கையிடம் நீட்டி, "ஒரு தடவை பாத்துடு" என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டாம் தாளைத் திருப்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரி வரை படித்தாள். அவள் ஓரத்தில் எழுதியவற்றை அப்படியே தருகிறேன். பெட்டியைப் பற்றி எழுதிய இடத்தில்: 'மறுபக்கத்திலும் படம் இருந்தது.' திரையைப் பற்றி எழுதிய இடத்தில்: 'கோபம் இல்லை. முழுதாக இழுத்தால் பிடியில் கீறல் விழும்.' என் அறிக்கையைப் பற்றிய இடத்தில்: 'தையல் இயந்திர எண்ணெய். வாரம் இரண்டு தடவை, நீங்கள் காலையில் நடக்கப் போகும்போது.'

"அப்பவே ஏன் கேட்கலை?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். உங்களுக்குன்னு ஒரு பொருள் மேல ஆசை வந்து இப்பத்தான் பாக்கிறேன். அதைக் கேட்டுக் கெடுப்பானேன்? கத்தி நல்லாத்தான் இருக்கு."

வாள் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. விதிப்படி, வீட்டுக்குள் வந்தவை இரண்டு: வாள், குடை. ஆகவே வெளியே போகிறவை இரண்டு: பழைய திரைக்கம்பி, குடை. வாள், திரையைத் தாங்கியபடி அங்கேயே இருக்கும். கம்பெனிக்கும் பன்னிரண்டைப் பதிவு செய்த அத்தனை பேருக்கும் எண்ணெய் பற்றிய திருத்தத்தை இன்று மாலை எழுத உட்காருகிறோம். குடை உங்களுக்குத்தான் என்று தீர்மானமாகிவிட்டது. ஆக நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தாராளமாக ஆச்சரியப்படலாம்.

சரிபார்த்தேன். ஒரே ஒரு பிழை, அதுவும் என்னுடையது: எண்ணெய் வாரம் இரண்டு தடவை இல்லை, மூன்று. — தங்கை.