சுவர்தட்டி போட்ட பெருக்கல் குறி

சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காத ஓர் இனம் உலகத்தில் உண்டு. சுவர்தட்டி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். வீடு பார்க்கப் போனால் நீங்களும் நானும் வெளிச்சம் வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். அவரோ நேராகச் சுவரிடம் போய், வைத்தியர் முதுகைத் தட்டிப் பார்ப்பதுபோல் நடுவிரல் முட்டியால் மூன்று தட்டு தட்டி, காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, தீர்ப்புச் சொல்வார்.

"வெறும் அடைப்புச் சுவர். பாரம் பூரா தூண்லதான். இடிச்சா ஒண்ணும் ஆகாது."

எந்தச் சுவரானாலும் இதே தீர்ப்பு. இடிக்கக் கூடாத சுவரை அவர் இன்னும் சந்திக்கவில்லை. இதையெல்லாம் எங்கே படித்தார்? எங்கும் இல்லை. தன் வீட்டில் ஒரு சுவரை இடித்தார், வீடு நிற்கிறது. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

எனக்குத் தெரிந்த சுவர்தட்டிக்கு ஒரு மச்சினி. நான்கு மாடி கான்கிரீட் கட்டடம் அவளுடையது. மூன்றாம் மாடியில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறாள். கீழ்த்தளத்தைக் கார் விற்கும் கடைக்கு விடுவதாகப் பேச்சு. கடைக்காரர் முன்னும் பின்னும் தடுப்பில்லாத இடம் கேட்டார். அத்தான் வந்தார், தட்டினார், கீழ்த்தளச் சுவர் ஒவ்வொன்றிலும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"அத்தான், இங்க அடிக்கடி நிலம் ஆடுமே?"

"ஆடட்டும்மா. தூண் சும்மாதானே நிக்குது, அதுவும் கொஞ்சம் வேலை செய்யட்டும்."

மனம் ஒப்பாமல் அவள் ஓர் இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டாள். வேடிக்கை இங்கேதான். அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் கணக்கில் எல்லாச் சுவர்களும் இருந்தன, வெறும் எடையாக. இத்தனை சுவருக்கு இத்தனை டன். சுமை என்று எழுதியதைத் துணை என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. தட்டவில்லை, காது வைக்கவில்லை. ஆனாலும் அவள் படித்த சுவர்தட்டி. "கணக்குப்படி தூண் தாங்கும்" என்றாள். அத்தானின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. திங்கட்கிழமை வரும்படி கொத்தனாருக்குச் சொல்லியாயிற்று.

ஞாயிறு காலை நிலம் ஆடியது. பத்து விநாடி. பாத்திரங்கள் உருண்டன, தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது, யாருக்கும் காயமில்லை. கீழ்த்தளச் சுவர்களில் மட்டும், அத்தான் போட்ட குறியின் மேலேயே, மூலைக்கு மூலை, பூமி தன் கையெழுத்தில் இன்னொரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

அத்தான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "பாத்தியா? தூண்ல ஒரு கீறல் இல்ல. சுவர்தான் பிளந்திருக்கு. பூமியே இடின்னு சொல்லுது."

இன்ஜினியர் தூணைத் தடவினாள், விரிசலைத் தடவினாள்.

"தூணுக்கு வந்த அடியை இது குறுக்க நின்னு வாங்கியிருக்கு சார். இதை நான் சுமைன்னு மட்டும் எழுதிட்டேன். தப்பு என்னோடது. மேல இருக்கிற மாடியெல்லாம் சுவரோட சேர்ந்து பெட்டி மாதிரி விறைப்பா நிக்குது. கீழ மட்டும் சுவரை எடுத்தா, ஆட்டம் மொத்தமும் இந்தத் தூணோட முழங்கால்ல வந்து விழும்."

"முழங்கால் மடங்கினா?" என்றாள் மச்சினி.

"மேல இருக்கிறது அப்படியே கீழ வந்து உட்காரும்."

மச்சினி அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தாள். பிள்ளைகளின் துணி அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

"சரி அத்தான், இடிச்சிடுவோம். நீங்க அக்காவைக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடுங்க. நான் பிள்ளைங்களோட உங்க வீட்டுக்குப் போயிடறேன்."

அத்தான் முதன்முதலாக ஒரு சுவரைத் தட்டாமல் தடவிக்கொடுத்தார்.

"எதுக்கும் இருக்கட்டுமே. சுவர் என்ன நம்மகிட்ட சோறா கேக்குது?"

கார்க் கடை வேறு இடம் பார்த்துக்கொண்டது. கொத்தனார் சொன்னபடி திங்கட்கிழமை வந்தார், சுவரைச் சரிசெய்ய. இன்ஜினியர் கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போட்டாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறதே, அது இல்லாவிட்டால் எவ்வளவு தாராளமாக இருக்கும் என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, இதைப் படிக்கும்போது கண் அந்தப் பக்கம் போனதா? போகட்டும், பார்ப்பதில் தப்பில்லை. உங்கள் நடுவிரல் முட்டியை மட்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சுண்ணாம்பு ஒட்டியிருக்கப் போகிறது.