எள்ளு வாசமடித்த மண்

நல்லெண்ணெய் வாசம் வந்தால் அந்தப் பக்கம் எள்ளுப் பலகாரம் இருக்கிறதென்று நம்பிவிடுவது எங்கள் சனத்தின் பிறவிக் குணம். அந்த நம்பிக்கையால் என் கலியாணமே கவிழப் பார்த்தது.

எனக்கு ஒரு விசர் உண்டு. ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டிகளை உருக்கி, மண்ணில் அச்சுப் பதித்து, கதவுப்பிடி, மயில், மீன் என்று எதையாவது வார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் திருகோணமலைக் கந்தோர் ஒன்றில் ஃபைல் தூக்கும் பெண், பின்னேரம் வீட்டுக் கோடிப்பக்கம் நெருப்போடு நிற்பதை அம்மா ஒரு வியாதியாகவே கருதினார். முன்பு வந்த ஒரு சம்பந்தம் இந்தக் கதை காதில் விழுந்ததும் கழன்றுவிட்டது. ஆகவே கட்டைபறிச்சானிலிருந்து தயாபரன் வீட்டார் பெண் பார்க்க வருவது உறுதியானதும் அம்மா ஒரே சட்டம் போட்டார். மண்ணைப் பற்றி மூச்சு விடக்கூடாது. நானும் ஒப்புக்கொண்டேன். தயாபரனோடு போனில் கதைத்திருந்தேன். கதைத்து முடிந்த பிறகும் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இந்தச் சம்பந்தம் சரிவர வேண்டுமென்று உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

ஆசை இருந்தால் பயமும் வரும். பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இராது. அவர்கள் வரும் நாள் காலையில், ஏற்கெனவே வார்க்கப் பாவித்த மண்ணைப் பதப்படுத்தப் போனேன். இது எண்ணெயில் பிசைந்த மண்; தண்ணீர் படக்கூடாது. கொதிக்கிற உலோகம் தொட்ட இடம் கருகி, பிடிப்பில்லாமல் உதிரும். அதற்காக எல்லாவற்றையும் எறியத் தேவையில்லை. அதிகம் கருகியதைக் கழித்து, மிச்சத்தைச் சலித்து, கொஞ்சம் களிமண்ணும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தால் மண் மறுபடி உயிர்க்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கி, நடுவில் உடைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பு உதிராமல் முறிந்தால் பதம் சரி.

அன்றைக்கென்று எஞ்சின் ஒயில் முடிந்திருந்தது. (புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? பேசாமல் முகம் கழுவப் போவாள்.) நான் அம்மாவின் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கினேன். அளவு தெரியாததால் கூட்டியும் குறைத்தும் பிசைந்து, உருண்டைகளாகப் பிடித்து, கண்ணில் பட்ட சில்வர் தட்டத்தில் அடுக்கினேன். ஊறியதும் உடைத்துப் பார்க்கலாம் என்று எண்ணம். அதற்குள் மழை தூறியது. அம்மா சேலை கட்டக் கூப்பிட்டார். மண் நனைந்துவிடுமே என்று தட்டத்தைக் குசினிக்குள் வைத்துவிட்டு ஓடினேன்.

குசினிக்குப் பொறுப்பாக நின்றவர், உதவிக்கென்று திரியாயிலிருந்து வந்திருந்த சின்னம்மா. எள்ளுருண்டை செய்யப்போவதாக அம்மா அவரிடம் முதல்நாள் சொல்லியிருந்தார். செய்ய நேரம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். கறுப்பு நிறம், மினுமினுப்பு, நல்லெண்ணெய் வாசம். சின்னம்மா இதற்கு மேல் என்ன விசாரணை வைப்பார்?

நான் தேநீரோடு தலையைக் குனிந்து வந்தபோது தட்டம் விருந்தாளிகளுக்கு நடுவில் இருந்தது. தயாபரனின் அப்பா வாயில் பாதி உருண்டை. மனிதர் மரியாதைக்காரர், கொடுத்ததைத் திருப்பி வைக்கிற பழக்கம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நறநற என்ற சத்தம் எனக்கு வாசல்வரை கேட்டது.

"எள்ளு அரிச்சது காணாது போல," என்றார் மெதுவாக.

சின்னம்மாதான் செய்து வைத்தார் என்று நினைத்த அம்மா, கல்லோடு எள்ளை இடித்துவிட்டதாக அவரைப் பழித்து, மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இன்னொன்று எடுக்கச் சொன்னார். பாவம், அந்த மனிதரும் கையை நீட்டினார். பேசாமல் இருந்தால் என் இரகசியம் தப்பும். அவர் வயிறு தப்பாது.

"ஐயா, துப்புங்கோ. அது மண்."

அதற்குப் பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. சட்டி, நெருப்பு, எண்ணெய் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தன. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அலுமினியமே உருகியிருக்கும். தயாபரனின் அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய், பல்லுக்கட்டைக் கழற்றிக் கழுவினார். அப்படியே படலையைத் திறந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

பல்லைப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்து, அதே கதிரையில் இருந்தார்.

"மண் எண்டது விளங்குது. ஏன் பிள்ளை உருட்டி வச்சனீங்கள்?"

ஓர் உருண்டையை உடைத்துக் காட்டி விளங்கப்படுத்தினேன். தயாபரன் ஒன்றை உடைத்தான். அது தூளாய் உதிர்ந்தது. அவன் அப்பா உடைத்தது சுத்தமாக முறிந்தது. மகனைப் பெருமையாகப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இருவரும் போகும்வரை குனிந்து மண்ணைத்தான் பார்த்தார்கள்.

கலியாணம் நடந்தது. மாமாவுக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் கையால் எந்தப் பலகாரம் போனாலும் நடுவில் உடைத்து, விளிம்பைப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். போன தீபாவளிக்கு என் வாழ்நாளின் மிகச் சிறந்த எள்ளுருண்டையைச் செய்து, அவர் முன்னால் வைத்தேன். உடைத்தார். ஒரு துகள்கூட உதிரவில்லை. இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் தட்டத்திலேயே வைத்தார்.

"நல்ல பதம் பிள்ளை. இதில வார்க்கலாம்."