லாரி எண்ணி வாங்கிய பங்கு

எண்ணத் தெரிந்தவனெல்லாம் புத்திசாலி என்று இருபத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் பங்குச் சந்தைக்குள் காலை வைத்தேன். (காலை மட்டும். தலையை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.)

சந்தை ஏறிக்கொண்டே போன வருடங்கள் அவை. டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவர்கூட ஷேர் பேசினார். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குக் கூரை, சிமெண்டு ஷீட்டு. சித்திரையில் உள்ளே வேகும், ஐப்பசியில் ஒழுகும். தளம் போட வேண்டுமென்று என் மனைவி செல்வி வருடக்கணக்காகச் சீட்டு கட்டி எடுத்த பணம் கையில் இருந்தது. ஆனால் தளத்துக்கு அது போதவில்லை. போதுகிற அளவுக்குப் பெருக்கிக் காட்டுகிறேன் என்றேன் நான்.

செல்வி முகத்துவாரக்குப்பத்துப் பெண். அவள் அம்மா மீன் வியாபாரி; படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து மீன் எடுப்பவர். பேங்கில் யாரோ செல்விக்கு இண்டெக்ஸ் ஃபண்டு பற்றிச் சொல்லியிருந்தார்கள். ஒரே கம்பெனியில் போடாமல், சந்தையிலுள்ள பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைப் பிரித்துப் போடுவார்களாம்.

"எங்கம்மா ஒரே போட்ட நம்பி துட்டு குடுக்காது. நாலு போட்டுக்காரனுக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுக்கும். ஒருத்தன் வெறும் வலையோட வந்தாலும் இன்னொருத்தன் மீனோட வருவான். இதுவும் அப்டிதான கீது?" என்றாள்.

"அதெல்லாம் பயந்தவங்க வேல. அப்ப நம்ப மூளைக்கு இன்னா மரியாத?"

கடைசியில் பணத்தைச் சரிபாதி பிரித்தோம். அவள் பாதி ஃபண்டுக்குப் போனது. என் பாதி மூளையின் மரியாதைக்கு.

நான் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவன். தினமும் மொபெட்டில் போகிற வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். கம்பெனிக்காரன் கணக்கு பொய் சொல்லலாம், லாரி பொய் சொல்லுமா? எவனுடைய லாரி அதிகம் நிற்கிறதோ அவனுக்கு ஏற்றுமதி அதிகம் என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி எண்ண ஆரம்பித்தேன். எண்ணூர்ப் பக்கம் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி ஒன்று. திங்கட்கிழமை அவர்கள் லாரி நாலு. வியாழக்கிழமை பதினொன்று! வெள்ளிக்கிழமை காலை என் பாதி முழுவதையும் அதில் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியை மொபெட்டில் உட்காரவைத்து என் சாம்ராஜ்யத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். வரிசையாகப் பதினேழு லாரி.

"பாத்தியா? எல்லாம் நம்ப கம்பெனி!"

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஹார்பர் எந்தப் பக்கம்?"

"ராயபுரம் பக்கம். இது தெரியாதா?"

"அப்ப லாரி மூஞ்சியெல்லாம் இன்னாத்துக்கு எண்ணூரப் பாத்துகினு கீது?"

இத்தனை நாளாக எண்ணினேனே தவிர, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்க்கவேயில்லை. ஆனாலும் கௌரவத்தை விடவில்லை. லாரி நிழலில் படுத்திருந்த டிரைவரிடம் போனேன்.

"நான் இந்தக் கம்பெனி பங்குதாரர். லோடு எங்க போவுது?"

"போவுதா?" அவர் எழுந்து உட்கார்ந்தார். "திரும்பி வருது நைனா! உங்க பம்புல தண்ணியே ஏறலன்னு வெளிநாட்டுக்காரன் கப்பல்லயே திருப்பி அனுப்ச்சிட்டான். எறக்க எடமில்லன்னு கம்பெனில கேட்ட தொறக்க மாட்றான். மூணு நாளா பேட்டாவும் இல்ல, சோறும் இல்ல." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். வரிசையின் அந்தக் கோடிவரை கேட்கும்படி கத்தினார்: "டேய், எல்லாம் வாங்கடா! ஓனரு வந்துகிறாரு!"

பதினேழு டிரைவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கம்பெனியில் என் பங்கு கடலில் ஒரு சொட்டு என்று விளக்கிப் பார்த்தேன். பசித்தவனுக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. ஒருவர் மொபெட் சாவியை உருவிக்கொண்டார். கடைசியில் செல்விதான் பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சாவியை மீட்டாள். அந்த வருடத்தில் கம்பெனி சார்பில் நடந்த ஒரே பட்டுவாடா அதுதான். அதுவும் அவள் பர்ஸிலிருந்து.

பிறகு மொத்தச் சந்தையும் விழுந்தது. செல்வியின் பணமும் பாதியானது. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. (அந்த ஒரு வாரம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் புத்தி அவ்வளவுதான்.) ஆனாலும் அவள் அதை எடுக்காமல் விட்டுவைத்தாள். சில வருடத்தில் அது மீண்டு, மேலேயும் ஏறியது. என் கம்பெனி கேட்டை மூடியது மூடியதுதான்.

அவள் பணத்தில் தளம் போட்டோம். பாதி வீட்டுக்குத்தான் வந்தது. அடுப்படியும் படுக்கிற அறையும் தளத்துக்குக் கீழே. முன்னறை, அதாவது என் நாற்காலியும் நானும், இன்றைக்கும் ஷீட்டுக்குக் கீழே. மழை பிடித்து ஷீட்டு தடதடவென்று அதிர்ந்தால், உள்ளேயிருந்து செல்வியின் குரல் வரும்:

"யோவ், உன் லாரிலாம் வந்துட்ச்சி பாரு. எண்ணிக்கோ!"